சென்னை மழையில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் மழையுடை தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிதிவண்டி ஓட்டுவோருக்கான மழையுடை பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி குளிர்நாடுகளிலிருந்து வருகிறது. 8 டிகிரி குளிரில் லண்டன் சாலையில் நனைபவருக்கு உடல் விறைத்துவிடும் என்பதால், ஒரு சொட்டு நீரும் உள்ளே வராத உடையே அங்கு முதல் தேவையாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போது வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரிக்கும் 29 டிகிரிக்கும் இடையில் நிற்கிறது, காற்றோ ஈரத்தால் நிறைந்திருக்கிறது. இங்கு மழையுடை அணிந்து அரைமணி நேரம் மிதிப்பவர் வெளியிலிருந்து வரும் நீரைவிடத் தம் வியர்வையாலேயே அதிகம் நனைகிறார். எனவே சென்னையில் மழையுடை வாங்கும்போது, நீரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு முன்னால், காற்றை எவ்வளவு உள்ளே விடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே கணக்கின் மேல் நிற்கின்றன.

முதல் படி: மழையையும் வழியையும் அளந்துகொள்ளுதல்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லப்பட்டாலும், பருவத்தின் எல்லா நாளும் ஒரே மாதிரி பெய்வதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. மழையுடை தேர்வு முதல் வகைக்கும் அதற்குக் கீழே உள்ள தூறலுக்கும் மிதமான மழைக்கும் உரியது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் எந்த உடையும் உதவாது, ஏனென்றால் அன்று ஆபத்து மேலிருந்து வருவதைவிடக் கீழே தேங்கி நிற்பதிலிருந்தே வருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததை நினைவில் வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடியில்லாத சாக்கடையும் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற பள்ளங்களும் நீருக்குள் மறைந்திருக்கும்போது மிதிவண்டியை வீட்டில் விடுவதுதான் முறை.

அடுத்து வழியைப் பார்க்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்கு மரங்களும் கட்டடங்களும் நெருங்கிய தெருக்களில் பத்து நிமிடம் செல்பவரின் தேவையும், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரமாகக் காற்று குறுக்கே வீசும் திறந்த சாலையில் முக்கால் மணி நேரம் செல்பவரின் தேவையும் ஒன்றல்ல. அலுவலகத்தில் குளிக்கவோ உடை மாற்றவோ இடம் உண்டா, ஈர உடையை மாலைக்குள் காயவைக்க ஒரு மூலையாவது கிடைக்குமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று விடைகளும், அதாவது தூரம், காற்று, உடை மாற்றும் இடம் ஆகியவை, கடையில் காட்டப்படும் எந்த அட்டையைவிடவும் தெளிவாக உங்களுக்கு ஏற்ற உடையைச் சுட்டிக்காட்டும்.

இரண்டாம் படி: எந்த அளவுக்கு நனையலாம் என்று முடிவு செய்தல்

பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சென்னையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்து, நனைந்தபடியே சென்று, அலுவலகத்தில் துவட்டிக்கொண்டு மாற்றுடை அணிவது. உடை மாற்ற வசதி இருந்து, தூரம் 8 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் இதுவே பொருத்தமானது என்பது என் துணிவான கருத்து. வெதுவெதுப்பான மழையில் நனைவதால் உடலுக்குப் பெரிய கேடு வருவதில்லை; காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் மேலே ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும். இரண்டாவது வழி, கீழ்ப்பக்கம் திறந்த மேலங்கி. இதைக் கடைகளில் போஞ்சோ என்றோ கேப் என்றோ சொல்வார்கள். உடை மாற்ற வசதி இல்லாமல், அலுவலக உடையிலேயே குறைந்த தூரம் மெதுவாகச் செல்பவருக்கு இது உகந்தது. மூன்றாவது, ஜாக்கெட்டும் பேண்ட்டும் கொண்ட முழு உடை. நடுத்தரத் தூரமும் காற்றுள்ள சாலையும் அமைந்தவர்களுக்கு உரியது இது. விலையும் கவனமும் அதிகம் கேட்பதும் இதுதான் என்பதால் இனி வரும் படிகளில் பெரும்பகுதி இதைப் பற்றியே பேசுகிறது.

பருவமழை நெருங்கும்போது பாரிமுனையிலும் ரங்கநாதன் தெருவிலும் குவிந்துகிடக்கும் ரெயின்கோட்டுகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. நிமிர்ந்து உட்கார்ந்து, உடலை அசைக்காமல், காற்றைக் கிழித்துச் செல்பவருக்கு அவை போதும். முன்னால் சாய்ந்து, முழங்காலை நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை உயர்த்தி இறக்குபவருக்கு அவை புழுக்கத்தையே தரும்.

மூன்றாம் படி: அட்டையில் உள்ள எண்களைப் படித்தல்

நல்ல ஜாக்கெட்டின் அட்டையில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மில்லிமீட்டரில் தரப்படும் நீர்த்தூண் அளவு. துணியின் மேல் நிற்கும் நீரின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போய், எந்த உயரத்தில் நீர் துணியைக் கடந்து மறுபக்கம் துளிர்க்கிறது என்று பார்ப்பதே இந்தச் சோதனை. 1,500 மி.மீ. என்பது நீர்புகாத் துணி என்று சொல்லிக்கொள்ளத் தொடக்க நிலை; 5,000 மி.மீ. நகரத்துச் சாதாரண மழைக்குப் போதும், 10,000 மி.மீ. இருந்தால் சென்னையின் கொட்டும் மழையையும் ஒரு மணி நேரம் தாங்கும். 20,000 மி.மீ. என்று எழுதியிருப்பதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பது மலையேறுபவருக்குப் பொருந்தலாம், இங்கே தேவையில்லை. ஆனால் இருக்கையில் அழுந்தும் பகுதியிலும், முதுகுப்பை வார் பதியும் தோளிலும் அழுத்தம் கூடுவதால், குறைந்த எண் கொண்ட துணி அங்கேதான் முதலில் கசியும்.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறுகிறது என்பதைக் காட்டுகிறது. 10,000 கிராம் என்றால் மணிக்குச் சுமார் 415 கிராம். ஒரு ஜாக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் துணி இருப்பதாகக் கொண்டால் மணிக்கு 600 கிராம் வரை வெளியேறலாம். காகிதத்தில் இது நன்றாகவே இருக்கிறது. ஈரமான வெப்பத்தில் சுறுசுறுப்பாக மிதிப்பவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்ப்பார் என்பதால், கணக்கு ஓரளவு நேராவதுபோலவும் தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த எண் ஆய்வுக்கூடத்தில், துணியின் இரு பக்கமும் ஈரப்பதம் பெரிதும் வேறுபடும் நிலையில் எடுக்கப்பட்டது.

துணியின் வழியாக நீராவியைத் தள்ளுவது இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள ஆவியழுத்த வேறுபாடு. வியர்த்த தோலை ஒட்டிய 34 டிகிரி காற்றில் நீராவி முழுமையாக நிறைந்திருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 5.3 கிலோபாஸ்கல். லண்டனில் 8 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் அது 1 கிலோபாஸ்கல் அளவுக்குத்தான் இருக்கும், வேறுபாடு 4.3. சென்னையில் 25 டிகிரியில் 95 விழுக்காடு ஈரப்பதமுள்ள மழைக்காற்றில் அது 3 கிலோபாஸ்கல், வேறுபாடு 2.3 மட்டுமே. அதே ஜாக்கெட், அதே வியர்வை, ஆனால் வெளியேற்றும் விசை பாதியாகிவிடுகிறது. விலையுயர்ந்த சவ்வுத் துணி (நீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைத் துணி) வாங்கியும் உள்ளே நனைந்துபோவதாகக் குறைப்படுவோரில் பலர் ஓட்டை எங்கே என்று தேடுகிறார்கள். பெரும்பாலும் ஓட்டை எதுவும் இருப்பதில்லை. ஆகவே சென்னைக்கு வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணை நம்பி மட்டும் தேர்ந்தெடுக்காமல், காற்றுப்போக்குக்கான திறப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: துணியைத் தேர்ந்தெடுத்தல்

மலிவானது பி.வி.சி. பூசிய துணி. நீரை முழுமையாகத் தடுக்கும், வியர்வையையும் முழுமையாக அடைத்துவைக்கும். 1823-இல் சார்ல்ஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்துக் காப்புரிமை பெற்ற மழைக்கோட்டுக்கும் இதற்கும் தன்மையில் பெரிய வேறுபாடு இல்லை. ஜாக்கெட்டாக இதை அணிந்து மிதிப்பது வேதனை. ஆனால் கீழ்ப்பக்கம் திறந்த மேலங்கியாக இருந்தால் காற்று வந்துபோவதால் இதே துணி நன்றாகவே பயன்படும்.

அடுத்தது, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பாலியூரிதேன் பூச்சு கொண்டது. எடை குறைவு, மடித்தால் பைக்குள் அடங்கும், விலையும் நடுத்தரம். அலுவலகம் செல்வோரில் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதன் பகை ஈரமும் வெப்பமும். ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால், அந்தப் பூச்சு ஈரத்தோடு வினைபுரிந்து சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிந்துவிடும். கடலோர நகரத்தில் இந்தச் சிதைவு விரைவாகவே நடக்கிறது. கடையில் பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்கும்போது உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, சவ்வுத் துணி. அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் 1969-இல் பாலிடெட்ராஃப்ளோரோஎத்திலீனை (டெஃப்ளான்) வேகமாக இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் பொருளிலிருந்து பிறந்த கோர்டெக்ஸ் இவற்றில் புகழ்பெற்றது. மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியதாகவும், நீராவி கடந்துபோகும் அளவு பெரியதாகவும் அதன் துளைகள் அமைந்திருக்கின்றன. சவ்வு வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையில் ஒட்டப்பட்டிருந்தால் மூன்றடுக்கு. உள்ளே வெறும் அச்சுப்பூச்சு மட்டும் இருந்தால் இரண்டரை அடுக்கு. இரண்டரை அடுக்கு இலேசானது என்றாலும் நனைந்த கையில் ஒட்டிக்கொள்ளும். சென்னையில் அரைக்கை பனியன் மேல் அணிபவருக்கு இது தொல்லை தரும். சவ்வுத் துணிக்குச் செலவிடுவதென்றால் மூன்றடுக்குக்கே செலவிடலாம். ஆண்டில் பாதி நாள் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஓட்டுபவருக்கு அந்தச் செலவு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்குப் பாதிதான்.

எந்தத் துணியானாலும் வெளிப்பரப்பில் நீரை முத்தாக உருட்டிவிடும் ஒரு மேற்பூச்சு இருக்கும். அது தேய்ந்தால் வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனத்து, சவ்வின் வாயை அடைத்துவிடும். இந்தப் பூச்சில் நெடுங்காலம் பயன்பட்ட ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டு வருகின்றன. மாற்றுப் பூச்சுகள் தீங்கு குறைந்தவை, ஆனால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியவை.

ஐந்தாம் படி: தையலும் வெட்டும்

துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். ஜாக்கெட்டை உள்ளே வெளியாகத் திருப்பி, தையல்களின் மேல் பட்டையான டேப் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் தையலிலும் ஒட்டியிருப்பது ஒரு வகை. தோள், கழுத்து போன்ற இடங்களில் மட்டும் ஒட்டியிருப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகை தூறலுக்குத்தான். டேப்பின் ஓரம் கடையிலேயே எழும்பி நின்றால் அடுத்த மழைக்குள் கழன்றுவிடும்.

பிறகு, கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு விடாமல், மிதிவண்டியில் அமர்வதுபோல் குனிந்து கைகளை முன்னே நீட்டுங்கள். அப்போது முதுகுப்பகுதி இடுப்பைத் தாண்டி இருக்கையின் மேல் படியும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். கைப்பகுதி மணிக்கட்டை மூட வேண்டும். முன்பகுதி வயிற்றில் மடிந்து மூட்டையாகச் சேரக் கூடாது, ஏனென்றால் அந்த மடிப்பில் நீர் தேங்கும். அக்குளுக்குக் கீழே நீண்ட ஜிப், முதுகில் மடிப்புக்குள் மறைந்த வலைத் திறப்பு, மேலும் கீழும் திறக்கும் இருவழி ஜிப் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நீர்புகா எண் சற்றுக் குறைவாக இருந்தாலும் அக்குள் ஜிப் உள்ள ஜாக்கெட்டையே எடுங்கள். அளவில் சற்றுத் தளர்வாக இருப்பதும் நல்லது. உடலுக்கும் துணிக்கும் நடுவே காற்று நகர இடம் வேண்டும்.

மேலங்கி வாங்குபவர் பார்க்க வேண்டியவை வேறு. உட்புறத்தில் கட்டைவிரலை நுழைக்கும் வளையமோ கைப்பிடியில் மாட்டும் பட்டையோ இருக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிக் கட்டும் வார் இருக்க வேண்டும். இவை இருந்தால் மேலங்கி முன்னால் ஒரு சரிவுக் கூரையாக விரிந்து, முழங்காலையும் அலுவலகப் பேண்ட்டையும் காக்கும், கீழிருந்து காற்றும் வரும். இவை இல்லாத மோட்டார் சைக்கிள் போஞ்சோவின் தொங்கும் நுனி சக்கரக் கம்பிகளில் சிக்கிக் கவிழ்த்துவிடக்கூடியது. காற்று வலுத்த நாளில் எந்த மேலங்கியும் பாய்போலப் புடைத்துக்கொள்ளும் என்பதால் அடையாற்றுப் பாலத்திலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ அதை அணிந்து செல்வதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: இடுப்புக்குக் கீழே

மழைப் பேண்ட்டில் முதலில் கிழிவது இருக்கைப் பகுதி. அங்கே நடுத்தையல் வராமல் தனித் துண்டு வைத்துத் தைத்ததையோ, இரட்டைத் துணி கொண்டதையோ தேடுங்கள். கணுக்காலில் வெல்க்ரோப் பட்டை வேண்டும், குறிப்பாகச் சங்கிலி ஓடும் வலப்பக்கம். கீழிருந்து முழங்கால் வரை திறக்கும் ஜிப் இருந்தால் செருப்பைக் கழற்றாமலேயே பேருந்து நிறுத்தக் கூரையடியில் நின்று மாட்டிக்கொள்ளலாம். ஆனால் சென்னையில் மழைப் பேண்ட் பலருக்கும் தேவைப்படாத செலவு. அரைக்கால் சட்டையில் சென்று மாற்றிக்கொள்ள முடிந்தால், நனையும் கால் ஒரு துண்டில் காய்ந்துவிடும்.

கால்களைக் காய்ந்த நிலையில் வைக்க முயல்வது இங்கே வீண். ஷூ ஒருமுறை நனைந்தால் மழைக்காலக் காற்றில் இரண்டு நாள் காயாது, நாற்றமும் சேரும். பின்பக்கம் பட்டி கொண்ட, அடியில் பிடிமானமுள்ள செருப்பே சிறந்தது. சாதாரண ரப்பர் செருப்பு மிதியில் வழுக்கும். அலுவலக ஷூவை அலுவலகத்திலேயே விட்டுவையுங்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது; எலிச் சிறுநீர் கலந்த வெள்ளநீரால் பரவும் எலிக்காய்ச்சல் தோலின் வெடிப்பு வழியாக எளிதில் உடலுக்குள் நுழைகிறது.

உடையைவிட மலிவாக உடலைக் காக்கும் பொருள் மட்கார்டு. சக்கரம் வாரி இறைக்கும் நீர் மழைநீரைவிட அழுக்கானது. முதுகில் ஒரு கோடாகச் சேறு படிவதும் இதனால்தான். விளையாட்டு வகை மிதிவண்டிகள் பலவும் மட்கார்டு இல்லாமலேயே விற்கப்படுகின்றன. இரு சக்கரங்களுக்கும் முழு நீள மட்கார்டும், முன்னதன் நுனியில் தொங்கும் ரப்பர் மடலும் பொருத்திய பிறகே ஜாக்கெட்டின் விலையைக் கேளுங்கள்.

ஏழாம் படி: தலையும் பார்வையும்

ஹெல்மெட்டுக்கு மேல் போடும் ஜாக்கெட்டின் தலைமூடி (ஹூட்), திரும்பிப் பார்க்கும்போது தலையோடு சேர்ந்து திரும்பாமல் கண்ணை மறைக்கும். ஹெல்மெட்டுக்கு அடியில், முன்விளிம்பு நீண்ட மெல்லிய துணித்தொப்பி அணிவது மேல். அந்த விளிம்பு கண்ணுக்குள் நீர் அடிப்பதைத் தடுக்கும், மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு இது இன்னும் பயன்படும்.

எட்டாம் படி: பிறர் கண்ணில் படுதல்

மாநகரில் அதிகம் விற்கும் மழைக்கோட்டின் நிறம் கறுப்பு அல்லது கருநீலம். மழை நாளின் மாலை ஆறு மணிக்கு அணியத் தகாத நிறங்களும் அவையே. ஒளிரும் மஞ்சளும் ஆரஞ்சும் பகலில் மட்டும் எடுபடும், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் காணும் ஒளியாக மாற்றியே பளிச்சிடுகின்றன. இருட்டில் அந்தக் கதிர் இல்லை. இரவுக்கு வேண்டியது, வண்டி விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிப்பட்டை. அதை முதுகில் மட்டும் வைக்காமல் கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் பட்டையைப் பார்த்தவுடன் பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது மிதிக்கும் மனிதர் என்று புரிந்துவிடும். மேலங்கி பின்விளக்கை மூடிவிடுகிறதா என்றும் பாருங்கள். மூடினால் விளக்கைக் கேரியரின் பின்முனைக்கு மாற்ற வேண்டும்.

ஒன்பதாம் படி: பை

உடல் நனையலாம், மாற்றுடையும் மடிக்கணினியும் நனையக் கூடாது. முதுகுப்பை முதுகின் காற்றுத் திறப்பை அடைத்து வியர்வையைப் பெருக்குவதால், கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பையே மழைக்காலத்துக்கு ஏற்றது. வாய்ப்பகுதியை மூன்று நான்கு முறை சுருட்டிக் கொக்கி போடும் வகை, ஜிப் வைத்த வகையைவிட நம்பத்தக்கது. முதுகுப்பைதான் இருக்கிறது என்றால் மேலே போர்த்தும் உறையை மட்டும் நம்ப வேண்டாம்; முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே இருப்பதால் வழியும் நீர் அங்கே புகும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது சில ரூபாயில் முடிகிற காப்பு.

பத்தாம் படி: வீட்டில் சோதித்தல்

வாங்கிய உடையை முதல் கனமழையில் சோதிப்பதைவிட, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன் குளியலறையில் சோதிப்பது நல்லது. உள்ளே வெளிர்சாம்பல் நிறப் பருத்திப் பனியன் அணிந்து, மிதிவண்டியில் அமரும் நிலையில் குனிந்து, ஷவருக்கடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். சாம்பல் பருத்தியில் நனைந்த இடம் கருத்துத் தெரியும். கழுத்தோரத்திலும் மணிக்கட்டிலும் சற்று ஈரம் இருந்தால் அது எல்லா உடையிலும் நிகழ்வது. தோள் தையல், ஜிப்பின் அடிமுனை, சட்டைப்பையின் உட்புறம் ஆகியவற்றில் ஈரம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய மிதிவண்டியில் ஏறி அமர்ந்து, துணி எங்கேயாவது சங்கிலியிலோ கம்பியிலோ படுகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

பதினோராம் படி: பராமரித்தல்

ஒவ்வொரு மழைப் பயணத்துக்குப் பிறகும் உட்புறத்தை நல்ல நீரில் அலசி, நிழலில், தோள் தாங்கியில் தொங்கவிடுங்கள். வியர்வை உப்பு தையல் டேப்பின் பசையைத் தளர்த்தும். துவைக்கும்போது திரவச் சோப்பு சிறிதளவு போதும்; துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் மேற்பூச்சு கெட்டு நீர் முத்தாக உருளாமல் பரவும். அப்படிப் பரவத் தொடங்கிய உடையை, அட்டையில் அனுமதி இருந்தால், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் மேற்பூச்சு பெரும்பாலும் மீளும். மீளாவிட்டால் தெளிக்கும் வகைப் பூச்சை வாங்கிப் புதுப்பிக்கலாம். பி.வி.சி. துணிக்கு மட்டும் எந்நாளும் சூடு காட்டக் கூடாது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் நன்றாகக் காயவைத்து, வெல்க்ரோக்களை மூடி, மடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் அதை எடுத்து உட்புறத்தை ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டால், புதிது வாங்க வேண்டுமா என்பது கடைகளில் கூட்டம் சேருமுன்பே தெரிந்துவிடும்.